அப்பாவின் வாழ்க்கையை எழுதிவைப்பது எப்படி

“கடும் உழைப்பாளி, குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர், கடவுள் நம்பிக்கை மிகுந்தவர்.” அப்பாவைப் பற்றி எழுத உட்காருகிற பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் எழுதுவது இந்த வரியைத்தான். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றிவிட்டு எந்த வீட்டு அப்பாவுக்கும் இதையே போட்டுவிடலாம். படிக்கிற பேரப்பிள்ளைக்குத் தாத்தா நல்லவர் என்று தெரியவரும். எப்படிப்பட்ட ஆள், காலையில் எழுந்ததும் என்ன செய்வார், எதற்குப் பயந்தார் என்பதெல்லாம் தெரியாது. உழைப்பும் பாசமும் பக்தியும் புகழுரையில் அகப்படுவதில்லை. நேரம், கருவி, பணம், பழக்கம் ஆகிய நான்கைப் பற்றிக் கேட்டால் அவை தானாக வந்து விழும். அப்படிக் கேட்டு, பதிவு செய்து, சரிபார்த்து, ஒரு சிறு புத்தகமாக்கும் வழி இது.

ஒரு மணி நேரம் வீதம் ஆறு உரையாடல்கள் போதும். அவற்றைக் கேட்டு எழுத்தாக்க 25 முதல் 35 மணி நேரம் பிடிக்கும். வார இறுதிகளில் மட்டும் செய்தால் நான்கைந்து மாத வேலை.

வருடத்துக்கு ஒரு வரி

ரெக்கார்டரைக் கையில் எடுக்கும் முன் ஒரு நீளமான நோட்டில் அப்பா பிறந்த வருடத்திலிருந்து வருடத்துக்கு ஒரு வரி போடுங்கள். வருடம், அப்போது அவர் வயது, குடியிருந்த வீடு, பார்த்த வேலை, வீட்டில் இருந்தவர்கள், இதற்கு என்ன ஆதாரம் என்று ஆறு கட்டங்கள். எழுபது வயதுக்காரருக்கு எழுபது வரி. தெரிந்ததை நிரப்புங்கள். வெறுமையாக நிற்கும் வரிகள்தான் உங்கள் கேள்விகள். பத்து வருடம் தொடர்ச்சியாகக் காலியாக இருந்தால் அங்கேதான் யாரும் பேசாத ஏதோ ஒன்று இருக்கிறது, அல்லது வேலை வேலை என்று ஓடியதில் நினைவில் நிற்க எதுவுமே நடக்கவில்லை. இரண்டுமே எழுத வேண்டிய விஷயம்தான்.

கட்டங்களை நிரப்பக் காகிதங்களைத் தேடுங்கள். வேலை நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, வங்கிப் பாஸ்புக், கடன் பத்திரம், வாடகை ரசீது, திருமண அழைப்பிதழ், பிள்ளைகளின் மதிப்பெண் அட்டைகள், கடித உறைகள். உறையைத் தூக்கி எறியாதீர்கள். உள்ளே தேதி போடாத கடிதத்துக்கு உறைமேல் உள்ள தபால் முத்திரைதான் தேதி. பாஸ்புக்கை வெறும் கணக்காகப் பார்க்க வேண்டாம்; மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகை வெளியே போயிருந்தால் அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பார். படிக்கிற தம்பியாக இருக்கலாம், கடன் கொடுத்தவராக இருக்கலாம், வழிபாட்டுத் தலத்துக்கான காணிக்கையாகவும் இருக்கலாம்.

கேள்விகளைப் பிடிக்கும் விதம்

இப்படிப்பட்ட அப்பாக்களுக்குத் தங்களைப் பற்றிப் பேச வராது. “நான் என்னத்தப் பெருசா பண்ணிட்டேன்?” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அது அடக்கம் மட்டும் இல்லை, கேள்வி தப்பு. உணர்ச்சியைக் கேட்டால் ஒற்றை வரி வரும். செய்முறையைக் கேட்டால் மனிதர் நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் அதில் அவர் கைதேர்ந்தவர்.

அப்பா லேத் ஓட்டியவர் என்று வைத்துக்கொள்வோம். “வேலை கஷ்டமா இருந்துச்சாப்பா?” என்று கேட்டால் “அப்படித்தான் இருக்கும்” என்பார். அதையே “காலையில மெஷின்கிட்ட போனதும் முதல்ல என்னப்பா பண்ணுவீங்க?” என்று கேட்டுப்பாருங்கள். “சக்குல சாவி இருக்கான்னு பார்ப்பேன். ராத்திரி ஷிஃப்ட்காரன் மறந்து விட்டுட்டுப் போயிருப்பான். பார்க்காம மோட்டாரைப் போட்டா அது பிய்ச்சுக்கிட்டு மூஞ்சில வந்து அடிக்கும்” என்கிற மாதிரி பதில் வரும். (சக்கு என்பது லேத்தில் உலோகத் துண்டைப் பிடித்துச் சுழற்றும் பாகம், சாவி அதை இறுக்குவது.) அடுத்த கேள்வி தானாகக் கிடைத்துவிட்டது: “அப்படி யாருக்காவது ஆச்சா?” இதற்கு வரும் பதிலில் உடன் வேலை பார்த்தவர், மேற்பார்வையாளர், மருத்துவமனை, அன்று வீட்டுக்குத் தாமதமாக வந்தது எல்லாம் இருக்கும்.

எந்தத் தொழிலுக்கும் பொருந்துகிற கேள்விகள் சில: இந்த வேலையை யார் கற்றுக்கொடுத்தார், திட்டினாரா? புதிதாக வருகிறவன் என்ன தப்பு செய்வான்? எந்தச் சத்தம் கேட்டால் ஏதோ கோளாறு என்று தெரியும்? உடம்பில் எந்த இடம் முதலில் வலிக்கும்? கையிலுள்ள தழும்புகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். இவ்வளவு எளிதாகக் கதை கொண்டுவருகிற கேள்வி வேறு இல்லை. பழைய வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் போடச் சொல்வதும் நல்ல உபாயம். யார் எங்கே படுப்பார்கள் என்று குறிக்கும்போதே பேச்சு ஓடும். “ஏன்” என்று தொடங்கும் கேள்விகளைக் குறையுங்கள். “ஏன் அந்த வேலையை விட்டீங்க?” என்பது விசாரணை மாதிரி ஒலிக்கும், “அந்த வேலையை விட்ட வாரம் என்னெல்லாம் நடந்துச்சு?” என்றால் காரணமும் சேர்ந்தே வந்துவிடும்.

குடும்பப் பாசத்தைப் பணத்தின் வழியாகக் கேளுங்கள். சம்பளம் எந்தக் கிழமை வந்தது, கையிலா உறையிலா, வீட்டுக்கு வந்ததும் யார் கையில் கொடுத்தார், முதலில் எதற்கு ஒதுக்கினார்கள், தனக்கென்று எவ்வளவு வைத்துக்கொண்டார், கடன் வாங்க யாரிடம் போனார், போகும் முன் எத்தனை நாள் யோசித்தார். பணத்தைப் பற்றிப் பேசுவதைச் சில குடும்பங்கள் மரியாதைக் குறைவாக நினைக்கும். ஆனால் “எங்களுக்காகத் தியாகம் செய்தார்” என்ற வரியைவிட, பள்ளிக் கட்டணம் கட்டுகிற மாதத்தில் அவர் எதை நிறுத்திவைத்தார் என்பது அதிகம் சொல்லும்.

நம்பிக்கையைப் பற்றிப் பேச வைப்பது

இங்கேதான் பெரும்பாலான பதிவுகள் சொதப்பும். “கடவுள் உங்களுக்கு எப்படிப்பா துணை இருந்தார்?” என்று கேட்டால், பல வருடமாகக் கேட்ட பிரசங்கத்தையே அவர் திருப்பிச் சொல்வார். அதில் அவர் இருக்கமாட்டார்.

வழிபாட்டையும் ஒரு வேலை மாதிரியே கேளுங்கள். எத்தனை மணிக்கு, எந்த மூலையில், நின்றா உட்கார்ந்தா மண்டியிட்டா, சத்தமாகவா மனசுக்குள்ளா, எந்த வரிசையில் யார் யார் பெயரைச் சொல்லி வேண்டுவார்? முதன்முதலில் கற்றுக்கொடுத்தது யார்? இரவு ஷிஃப்ட் வந்தால் விடியற்காலைப் பிரார்த்தனை என்ன ஆனது? நோன்பு நாளில் கனமான வேலை வந்தால் எப்படிச் சமாளித்தார்? ஏதாவது ஒரு காலத்தில் வழிபாட்டுக்குப் போவதை நிறுத்தியிருந்தாரா, பிறகு எது திரும்பக் கூட்டிவந்தது? கேட்டும் கிடைக்காதது என்ன? இந்தக் கடைசிக் கேள்வியை மூன்றாவது, நான்காவது உரையாடலுக்கு முன் கேட்காதீர்கள். வேறு யாரும் அறையில் இருக்கும்போது கேட்கவே கேட்காதீர்கள்.

தினமும் சொல்லும் பிரார்த்தனையை ஒரு முறை முழுதாகச் சொல்லச் சொல்லி, இடையில் பேசாமல் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு நிமிடம்தான் வரும். பிற்காலத்தில் வீட்டார் திரும்பத் திரும்பக் கேட்பது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். ஓதுகிற வரிகளை எழுத்தில் போடும்போது அவர் உச்சரித்தபடியே போடுங்கள், மூல நூலைப் பார்த்துத் திருத்தாதீர்கள். ஒரு சொல்லை ஐம்பது வருடம் தன் போக்கில் சொல்லிவந்திருந்தால் அதுவும் அவர் வரலாறுதான்.

உங்களுக்கு அவருடைய நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். அதை இந்த அறைக்குள் கொண்டுவர வேண்டாம். எழுதும்போது நல்லது நடந்த இடத்திலெல்லாம் “இறைவன் அருளால்” என்று நீங்களாகச் சேர்க்கவும் வேண்டாம், அவர் சொன்னதை வெட்டவும் வேண்டாம். “அது தன் வேண்டுதலால் நடந்தது என்றே அவர் நம்புகிறார்” என்று எழுதினால் இரண்டு பக்கமும் நேர்மையாக இருக்கும்.

பதிவு செய்யும்போது

கைப்பேசியே போதும். வாயிலிருந்து 30 முதல் 50 சென்டிமீட்டர் தூரத்தில், மடித்த துண்டின் மேல் வையுங்கள். வெறும் மேசைமேல் வைத்தால் விரல் தட்டுவதெல்லாம் இடிபோல விழும். விமானப் பயன்முறையைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் நடுவில் வரும் ஓர் அழைப்பு பதிவை நிறுத்திவிடக்கூடும். மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, சுவர்க்கடிகாரம் இந்த மூன்றின் சத்தமும் காதுக்குப் பழகிப்போயிருப்பதால் அறையில் தெரியாது, பதிவில் தெரியும். மெத்தை, திரைச்சீலை, துணி அலமாரி உள்ள படுக்கையறையில் எதிரொலி குறைவு. வெறும் சுவரும் தரையுமாக உள்ள கூடத்தைத் தவிருங்கள்.

வசதி இருந்தால், ஒலியைச் சுருக்காமல் முழுதாக வைக்கும் வேவ் (WAV) வடிவத்தில் பதியுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 320 மெகாபைட். எம்பி3 இதைவிடப் பல மடங்கு சிறியது, ஆனால் ஒலியில் ஒரு பகுதியை வெட்டித்தான் சிறிதாகிறது. பிறகு சத்தத்தைச் சுத்தம் செய்யப் போனால் அந்த இழப்பு தெரியும். தொடங்கியதும் தேதி, இடம், பேசுகிறவர், கேட்கிறவர் பெயர் என்று பத்து வினாடி சொல்லுங்கள். முப்பது வினாடி பதிந்து, போட்டுக் கேட்டுவிட்டு, அதன்பிறகு உண்மையான உரையாடலை ஆரம்பியுங்கள். ஒரு மணி நேரம் பேசிவிட்டு மைக் துளையை உறை மூடியிருந்தது என்று கண்டுபிடிக்கிறவர்கள் நிறையப் பேர். இரண்டாவது முறை சொல்லச் சொன்னால் அதே கதை பாதி நீளத்தில்தான் வரும்.

நேரம், அவர் ஓய்வெடுத்து எழுந்த பிறகு. எந்தக் காது நன்றாகக் கேட்குமோ அந்தப் பக்கம் உட்காருங்கள். உடல்நிலை சரியில்லாதவர் என்றால் முப்பது நிமிடத்தோடு நிறுத்திவிடுங்கள். அவர் பேச்சை நிறுத்தியதும் அடுத்த கேள்வியைத் தூக்கிப் போடாதீர்கள். பத்து வினாடி பேசாமல் இருங்கள். கேட்கிறவருக்கு அது ஒரு யுகமாகத் தோன்றும், ஆனால் முக்கியமானது பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பின்னால்தான் வரும். அவர் தேதியைத் தப்பாகச் சொன்னாலும் அங்கே திருத்த வேண்டாம். நோட்டில் குறித்துக்கொண்டால் போதும்.

அம்மா கூடவே இருந்தால் அப்பா பாதியைச் சொல்லமாட்டார், மீதியை அம்மா சொல்லிவிடுவார். தனித்தனியாகப் பேசிவிட்டு, கடைசியில் ஒரே ஒருமுறை இருவரையும் சேர்த்து உட்காரவையுங்கள். “அது பெரியவ பொறந்ததுக்கு அப்புறம்ங்க” என்று ஒருவரை ஒருவர் திருத்துவதில் வருடக் கணக்கு பாதி சரியாகிவிடும்.

“இதை எழுதிடாதப்பா” என்று அவர் சொன்னால் ரெக்கார்டரை நிறுத்துங்கள், அவர் பார்க்கும்படி நிறுத்துங்கள். பழைய கடன், அண்ணன் தம்பிச் சண்டை, இறந்துபோன குழந்தை ஆகியவை அநேகமாக அந்த வரிசையில் இருக்கும். அது அவருடைய வாழ்க்கை. புத்தகத்தில் எது வரவேண்டும் என்ற முடிவும் அவருடையது.

அப்பா காலமாகிவிட்டார் என்றால் இதே கேள்விகளை அம்மாவிடமும், அவருடைய உடன்பிறந்தவர்களிடமும், கூட வேலை பார்த்தவர்களிடமும், பக்கத்தில் நின்று வழிபட்டவர்களிடமும் கொண்டுபோங்கள். எல்லாரையும் ஒரே அறையில் கூட்டாதீர்கள். கூட்டினால் இரங்கல் கூட்டமாகிவிடும், மூத்தவர் சொல்வதற்கு மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

எழுத்தாக்குவது

ஒரு மணி நேரப் பேச்சை முழுவதுமாகத் தட்டச்சு செய்ய நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். எல்லாவற்றையும் தட்டச்சு செய்யத் தேவையில்லை. முதலில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி என்று அட்டவணை போடுங்கள்: “00:25 முதல் சம்பளம், சைக்கிள், மாமாவிடம் கடன்.” பிறகு புத்தகத்துக்கு வேண்டிய பகுதிகளை மட்டும் சொல்லுக்குச் சொல் எழுதினால் உழைப்பு பாதியாகக் குறையும். குரலைக் கேட்டுத் தானே தட்டச்சு செய்யும் வசதி முதல் வரைவுக்கு உதவும். ஆனால் வட்டார வழக்கும் ஊர்ப்பெயரும் தொழிற்சொல்லும் அதில் தாறுமாறாக விழும். ஒலியைக் கேட்டபடியே திருத்துங்கள்.

அவர் பேச்சைப் பேச்சு வழக்கிலேயே வையுங்கள். “போயிட்டு வந்தேன்”ஐ “சென்று வந்தேன்” ஆக்கினால் ஆளே மாறிவிடுவார். உங்கள் விவரிப்பு எழுத்துத் தமிழில் இருக்கட்டும், அவர் மேற்கோள் மட்டும் அவர் நாக்கில் இருக்கட்டும். எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி திறக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் திறக்கும்.

தேதிகளை நம்பாதீர்கள், சரிபாருங்கள். சமீபத்தில் நடந்ததை ரொம்ப நாள் முந்தியது என்றும், வெகு நாள் முந்தியதைச் சமீபத்தியது என்றும் நினைப்பது எல்லா மனிதர்களுக்கும் உள்ள இயல்பு. பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை அதிகமாகவும் தெளிவாகவும் நினைவில் நிற்கும். அதனால் பேச்சில் நாற்பதுகளும் ஐம்பதுகளும் காணாமல் போகும். அந்த வருடங்களுக்குக் காகிதங்களைத்தான் நம்ப வேண்டும். பிள்ளை எந்த வகுப்பில் இருந்தது, எந்த வீட்டில் இருந்தோம் என்பதை வைத்து வருடத்தைப் பிடியுங்கள். காகிதமும் பேச்சும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதுங்கள்.

எழுதும்போது

பிறப்பில் தொடங்காதீர்கள். அவருக்கு முப்பத்தைந்து நாற்பது வயதிருக்கும்போது ஒரு சாதாரண வேலைநாளை எடுத்து, எழுந்ததிலிருந்து படுத்தது வரை இரண்டு பக்கம் எழுதுங்கள். எழுத முடியாமல் திணறும் இடங்களெல்லாம் கேட்க மறந்த கேள்விகள். அடுத்த உரையாடலுக்கு அவற்றைக் கொண்டுபோங்கள். அந்த இரண்டு பக்கம் நின்றுவிட்டால் மற்றவை அதைச் சுற்றி அமையும்.

முதல் வரைவு முடிந்ததும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து பாசமான, அயராத, ஒப்பற்ற, தன்னலமற்ற போன்ற அடைமொழிகளை ஒவ்வொன்றாக அடியுங்கள். அடித்த பிறகு அந்த வாக்கியத்தில் ஏதாவது மிஞ்சினால் அது நல்ல வாக்கியம். “அயராது உழைத்தார்” என்பதில் எதுவும் மிஞ்சாது. “ஷிஃப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தபடியே கண்ணயர்வார், பத்து நிமிடம் கழித்து எழுந்து இரண்டாவது வேலைக்குப் போவார்” என்பதில் அடிக்க ஒன்றுமே இல்லை.

உழைப்புக்கு ஒரு விலை இருந்திருக்கும். இரண்டு வேலை பார்த்தவர் வீட்டில் இருந்திருக்கமாட்டார். அதை மழுப்பாதீர்கள். உடன்பிறந்தவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள்: அப்பா வீட்டில் இல்லாத நேரத்தில் வீடு எப்படி இருந்தது, வந்ததும் என்ன மாறியது? மூத்தவர் பார்த்த அப்பா இளவயதுக்காரர், கையில் காசில்லாதவர், கண்டிப்பானவர். கடைக்குட்டி பார்த்தவர் நரைத்தவர், நேரமும் சிரிப்பும் உள்ளவர். இரண்டு பேரும் ஒரே வீட்டில் வளர்ந்ததாகவே தோன்றாது. இந்த முரணைச் சமரசம் செய்யாமல் அடுத்தடுத்து வைத்தால் புத்தகத்தின் நல்ல பகுதி அதுவாகவே இருக்கும். கோபக்காரராக இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஆனால் உயிரோடு இருக்கும் மூன்றாம் மனிதரை அது புண்படுத்துமானால் பெயரை விட்டுவிடுங்கள்.

வரைவை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்; அப்போதும் ரெக்கார்டர் ஓடட்டும். மறுப்பாகச் சொல்லும் திருத்தங்களில் புதுக் கதைகள் வரும்.

படமும் அச்சும்

4×6 அங்குலப் புகைப்படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2400×3600 புள்ளிகள் கிடைக்கும். இரட்டிப்பு அளவில் அச்சிட்டாலும் தாங்கும். மூலக் கோப்பை டிஃப் (TIFF) வடிவத்தில் வையுங்கள், ஜேபெக் (JPEG) வடிவம் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் இழக்கும். துடைக்கும் திரவத்தை ஸ்கேனர் கண்ணாடிமேல் நேராகத் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடையுங்கள். ஆல்பத்தின் பசைத்தாளில் ஒட்டிக்கொண்ட படத்தை விரலால் பிய்த்தால் கிழியும். பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் தாளுக்கும் இடையே விட்டு மெல்ல அறுத்தெடுங்கள். பின்பக்கம் பெயர் எழுதப் பந்துமுனைப் பேனா கூடாது, அழுத்தம் மறுபக்கம் தெரியும். மென்மையான பென்சில் நல்லது. இடமிருந்து வலமாக யார் யார் என்று அப்பா இருக்கும்போதே எழுதி முடியுங்கள்.

எல்லாக் கோப்புகளுக்கும் மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பில், அதில் ஒன்று வேறு வீட்டில். கோப்புப் பெயரில் முதலில் வருடம், பிறகு மாதம், பிறகு நாள். அப்படிப் போட்டால் தானாகக் கால வரிசையில் நிற்கும்.

அச்சுக்கு ஏ5 அளவு வசதியானது, 148×210 மில்லிமீட்டர். வயதானவர்களும் படிப்பார்கள் என்பதால் எழுத்தளவு 12 பாயிண்டுக்குக் குறையவேண்டாம், உள் ஓரத்தில் 20 மில்லிமீட்டர் விடுங்கள். அமிலமற்ற தாள் கேளுங்கள், அமிலமுள்ள தாள் நாளடைவில் மஞ்சளாகும். பசை மட்டும் போட்ட கட்டுமானத்தைவிட நூல் தைத்தது நீண்ட நாள் நிற்கும். தைப்பதற்குப் பக்கங்களைப் பெரும்பாலும் 16, 16ஆகக் கட்டுவார்கள், ஆகவே மொத்தப் பக்கத்தை அதற்கேற்ப அமையுங்கள்.

முதலில் ஐந்து பிரதிக்கு மேல் அடிக்காதீர்கள். கைக்குக் கை போகும்போதுதான் அத்தை வந்து வருடம் தப்பு என்பார், பழைய கூட்டாளி படத்தில் இருப்பது வேறு ஆள் என்பார். எல்லாவற்றையும் ஒரே பிரதியில் பென்சிலால் குறித்துவைத்து, இரண்டாம் அச்சுக்கு அந்தப் பிரதியையே கொடுங்கள்.